மோதிரத்தின் உட்புறம்

எங்கள் தெருப் பெண்களின் மோதிரங்களுக்குள் வரிகள் வரத் தொடங்கியது ஓர் ஆனி மாதத்துச் சனிக்கிழமை, குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில். லீலாபாய் டீச்சர் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள், மோதிரத்துக்கும் விரலுக்கும் நடுவே ஒரு செதில் போய் ஒட்டிக்கொண்டது, சோப்புப் போட்டு மோதிரத்தைக் கழற்றினாள், செதிலைத் தட்டிவிட்டு உள்ளே பார்த்தால், இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு ஆசாரி வெட்டிய ‘பாக்கியநாதன்’ என்ற பெயருக்குக் கீழே, எள்ளை வரிசையாக வைத்தது போல எழுத்துகள் இருந்தன: ‘சாம்பல் அள்ளும் கையில்தான் காலை முதலில் விழுகிறது.’ அவள் அதை இரண்டு தரம் வாசித்தாள், மோதிரத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டாள், குழம்பு கொதித்து இறங்கும்வரை யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் வெட்டிய மீன் காத்திருக்காது.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதினேழு பேருக்கு வந்துவிட்டது. பாளையங்கோட்டையில் எங்கள் சபைக் கல்யாணங்களில் மாப்பிள்ளை பெண்ணுக்குப் போடும் மோதிரத்தின் உட்புறத்தில் மாப்பிள்ளையின் பெயர் வெட்டியிருக்கும். வெளியே தெரியாது, தோலுக்குத்தான் தெரியும். அந்தப் பெயருக்குக் கீழே ஒவ்வொருத்திக்கும் ஒரு வரி வந்தது, அடுத்த வாரம் அது போய் வேறொன்று வந்தது, புதியது வரும்வரை பழையது இருந்தது. ஆசாரி ஒரு மோதிரத்தை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உளி பட்டால் ஓரத்தில் பிசிறு இருக்கும், இதில் பிசிறு இல்லை, உள்ளங்கையில் ரேகை ஓடுவது போலப் பொன்னுக்குள்ளிருந்தே ஓடியிருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்து, விட்ட இடத்திலிருந்து மூக்குத்தி வேலையைத் தொடர்ந்தார். உபதேசியார் மூன்று நாள் ஒத்தவாக்கியப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, இந்த வரிகள் வேதாகமத்தில் எந்த அதிகாரத்தில் வருகின்றன என்று தேடினார், எங்கும் வரவில்லை, ஆனால் வரக் கூடாது என்றும் எங்கும் எழுதியிருக்கவில்லை. சபைப் போதகரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்போம். ஐயர் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், கற்பலகையில் எழுதத் தெரிந்தவருக்குப் பொன்னில் எழுத எத்தனை நேரம் ஆகும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அறுப்பின் பண்டிகைக் காணிக்கைக்குப் போய்விட்டார். அதோடு அது எங்கள் ஊர் வழக்கங்களில் ஒன்றாகிவிட்டது.

வருஷப் பிறப்பன்று வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுத்து, அந்த வசனத்தை வருஷம் முழுக்க நம்பிக் காத்திருக்கிற ஜனங்கள் நாங்கள். ஆகவே இந்த வரிகளையும் வாக்குத்தத்தங்களாகவே எடுத்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, கோயிலை ஒட்டிய கூடத்தில் நடக்கும் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அவற்றை வாசிக்க ஒரு முறை தானாக உண்டாயிற்று. தன் வரியைத் தானே பார்க்கக் கூடாது, வெள்ளிவரை மோதிரத்தைக் கழற்றவும் கூடாது. கூட்டத்தில் கழற்றி இடப்பக்கம் இருப்பவளிடம் கொடுக்க வேண்டும். அவள், கடிகாரம் ரிப்பேர் பார்க்கிற ஒருவரிடமிருந்து சங்கத்துக்காக வாங்கிய கண் லென்ஸை மாட்டிக்கொண்டு, வசனத்துக்கு முன்னால் அதிகாரத்தைச் சொல்வது போல முதலில் புருஷன் பெயரைச் சொல்லிப் பிறகு வரியை வாசிக்க வேண்டும். எல்லோரும் ஆமென் சொல்ல வேண்டும். ‘அடுப்பில் பாலை வைத்துவிட்டு அழக் கூடாது’ என்று ஐயரம்மாவின் மோதிரத்தில் வந்தபோது ஆமென் சொன்னோம். ‘நாளைக்கும் கருவாடுதான்’ என்று கனகமணியின் மோதிரத்தில் வந்தபோதும் ஆமென் சொன்னோம், அவள்தான் முதலில் சிரித்தாள். ஆரம்பப் பள்ளியில் நல்ல வரிகளைச் சொல்வதெழுதுதலுக்குக் கொடுத்தார்கள். கல்யாணத் தரகர்கள் பெண் பார்க்க வரும்போது பெண்ணின் அம்மாவுடைய மோதிரத்தையும் பார்க்கக் கேட்டார்கள்.

நான் அப்போது மகளிர் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஹெப்சிபா என்று பெயர், எல்லோருக்கும் ஹெப்சி டீச்சர். இங்கிலீஷில் இதற்கு ஏதாவது பெயர் இருக்கிறதா என்று இரண்டாவது வெள்ளியே கனகமணி கேட்டாள். இருக்கிறது என்றேன். எழுந்து நின்று, வகுப்பில் சொல்வது போலவே சொன்னேன்: போயெசி என்று ஒரு பழைய சொல், கவிதை என்று பொருள், முந்நூறு நானூறு வருஷத்துக்கு முன்னால் அந்த நாட்டு ஆண்கள் தங்கள் பெண்ணுக்கு மோதிரம் செய்யும்போது உட்புறத்தில் ஒரு வரிக் கவிதை வெட்டிப் போடுவார்கள், அந்த வரிக்கும் அதே பெயர், அவளுக்குக் கொடுக்கும் சின்னப் பூச்செண்டுக்கும் பிறகு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது, ஆண் சொல்லி, பெண் தோலோடு வைத்துக்கொள்வது. பெண்கள் வாய் திறந்து கேட்டார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. அந்தச் சொல்லுக்கு அதற்கு முன்னால் ஒரு வயது உண்டு, கிரேக்கத்திலிருந்து நடந்து வந்த சொல் அது, அங்கே அதன் பொருள் வேறு. அதை வருஷா வருஷம் முதலாண்டு மாணவிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அன்று சொல்லவில்லை. கூட்டத்துக்கு மோதிரம் போதும் என்று விட்டுவிட்டேன்.

நான் சொன்னதிலிருந்து கணவர்களுக்கு மதிப்பெண் விழத் தொடங்கிற்று. தபால் ஆபீஸ் பாக்கியநாதனுக்குள் இப்படியொரு மனசா என்று தெருவே பேசியது. நாலு பேருக்கு முன்னால் பெண்டாட்டியை அதட்டுகிற ஆட்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடத்து வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று, தங்கள் பெயருக்குக் கீழே என்ன வந்தது என்று விசாரித்தார்கள். எல்லோருக்கும் மேலே போனவன் என் கொழுந்தன் ஆசீர்.

ஆசீரும் என் கணவரும் அண்ணன் தம்பி. ஒரே வளவுக்குள் எதிரெதிர் வீடு, நடுவில் கிணறும் ஒரு முருங்கையும். என் கணவர் ஞானாபரணம் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஆசீர் பஸ் டிரைவர், தென்காசி ரூட். அவன் பெண்டாட்டி ரஞ்சிதம் எட்டாவது வரை படித்தவள், என்னைவிடப் பதினொரு வயசு இளையவள், என்னை அக்கா என்பாள், ரசம் வைத்தால் ஒரு கிண்ணம் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போவாள். மருமக்களுக்குள் ஏற்றத்தாழ்வு பேச்சு வரக் கூடாது என்று எங்கள் மாமியார் ஒரே ஆசாரியிடம், ஒரே எடையில், ஒரே அளவில், ஒரே மாதிரி இரண்டு மோதிரம் செய்து வைத்திருந்தாள். பெயர் மட்டும்தான் வேறு.

ரஞ்சிதத்தின் மோதிரத்தில் வந்த வரிகளைப் போல எங்கள் சபையில் யாருக்கும் வரவில்லை. ‘ஆசீர். நீ பேசாத நாளில் முருங்கையும் காய்க்காமல் நின்று யோசிக்கிறது.’ ‘ஆசீர். மழைக்கு முன்னால் வீடு வந்து சேர்கிற ஈரம் நீ.’ அவற்றை வாசித்த பிறகு கூடத்தில் ஆமென் சற்றுத் தாமதமாக வரும். நான் இருபது வருஷமாகக் கவிதை கற்பித்தவள், கல்லூரி ஆண்டு மலர்களில் பத்துப் பன்னிரண்டு கவிதை எழுதியவள், ஒரு வரி எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது என்று காதுக்குத் தெரியும். அந்த வரிகளில் எனக்கு மாற்ற ஒரு சொல் இருக்கவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் நான் அதைத்தான் தேடினேன், தேடித் தேடி, கிடைக்காமல், தொண்டையில் மீன் முள் நிற்பது போல அவள் வரியை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

என் மோதிரத்தில் ஒன்றும் வரவில்லை.

முதல் வெள்ளி வரவில்லை, தாமதம் என்றார்கள். ஐந்தாவது வெள்ளியும் வரவில்லை, ஐயரம்மா எனக்காக விசேஷமாக ஜெபித்தாள். ஞானாபரணம், ஞானாபரணம், ஞானாபரணம் என்று என் கணவரின் பெயரை மட்டும் வாசித்து, எல்லோரும் அந்தப் பெயருக்கே ஆமென் சொன்னார்கள். கணக்கு வாத்தியாருக்கு எழுத்து வராது, உன்னிப்பாகப் பாருங்கள், ஓரத்தில் எங்கேயாவது ஒரு பெருக்கல் குறி இருக்கும் என்றாள் கனகமணி, நானும் சிரித்தேன். ஒன்பதாவது வெள்ளி முதல் என் மோதிரத்தைக் கேட்பதையே விட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாக எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். வரிகளின் பள்ளத்தில் அழுக்குச் சேர்கிறது என்பதால், வாசித்து முடித்த மோதிரங்களைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, உள்ளே பெயர் பார்த்து உரியவளிடம் கொடுக்க வேண்டும். டீச்சர் கைதான் பதனமான கை, எதையும் தவறவிடாது என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். வெள்ளைக் கோப்பையில் இருபது பெண்களின் வரிகள் நுரைக்கு அடியில் கிடக்க, நான் ஒவ்வொன்றாகத் துலக்கினேன்.

வீட்டில் என் கணவரைப் பார்ப்பேன். விடைத்தாள் திருத்துவார், கிணற்றில் தண்ணீர் இறைத்துத் தொட்டியை நிரப்பி வைப்பார், எனக்குத் தலைவலி என்றால் சுக்கைத் தட்டிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. இந்த மனுஷனுக்குள் எனக்கென்று ஒரு வரி இல்லையே என்பது மட்டும்தான் பட்டது. எதிர்வீட்டில் ரஞ்சிதம் ஆசீரின் காக்கிச் சட்டையை அடித்துத் துவைக்கும் சத்தம் கேட்டால் சன்னலைச் சாத்துவேன்.

ஆவணி மாதம் மூன்றாவது வெள்ளி அவளுக்கு வந்தது: ‘ஆசீர். உப்பு போதும் என்று நீ சொன்னால் கடல் ஓர் அடி பின்வாங்குகிறது.’ அன்று ஆமென் வரவே இல்லை. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மோதிரம் கோப்பைக்கு வந்தது, துலக்கினேன், துடைத்தேன். என் கையிலிருந்த மோதிரத்தையும் எப்போதும் போலக் கழற்றிக் கழுவியிருந்தேன். இரண்டும் ஒரே துணியில், ஒரே மாதிரி கிடந்தன. ரஞ்சிதம் கையை நீட்டினாள். ஞானாபரணம் என்ற பெயர் உள்ளே இருந்ததை எடுத்து அவள் விரலில் நானே போட்டுவிட்டேன். மற்றதை நான் போட்டுக்கொண்டேன்.

ஒரு வாரம்தான் நினைத்தேன். அடுத்த வெள்ளி எல்லோருக்கும் முந்தி வந்து, கோப்பை கழுவுகிற சாக்கில் மாற்றிவிடலாம். அதற்குள் ஆசீரின் மனசிலிருந்து கிளம்பி வருகிற வரி, வீடு மாறி, என் விரலுக்கு வந்து உட்காரும். ஒரே ஒரு வரி, ஒரே ஒரு வாரம், யாருக்கும் தெரியாமல் என் தோலோடு இருக்கும். அவளுக்கு ஒரு வாரம் ஒன்றும் வராமல் போகட்டுமே என்பதும் அதற்குள் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

வரவில்லை. கூட்டத்தின் முறையை மீறித் தினமும் கழற்றிப் பார்த்தேன். கடல் பின்வாங்கிய அதே பழைய வரி, முந்தின நாள் சோறு போல, திங்களும் இருந்தது, செவ்வாயும் இருந்தது, வியாழனும் இருந்தது.

வெள்ளிக்கிழமை கல்லூரியில் பரீட்சை மேற்பார்வை போட்டுவிட்டார்கள். ஒரு மாணவி மயங்கி விழுந்து, அவளை வீட்டுக்கு அனுப்பி, விடைத்தாள் கட்டி முத்திரை வைத்து நான் கூடத்துக்கு ஓடி வந்து சேர்ந்தபோது நாலே முக்கால். வாசிப்பு தொடங்கியிருந்தது. ரஞ்சிதத்தின் இடப்பக்கம் ஐயரம்மா உட்கார்ந்திருந்தாள், கண்ணில் லென்ஸ் இருந்தது, மோதிரத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

“ஞானாபரணம்,” என்று வாசித்தாள்.

நிறுத்தினாள். லென்ஸை எடுத்துச் சேலையில் துடைத்துத் திரும்ப மாட்டினாள். முறை முறைதான் என்பதால் வரியையும் வாசித்தாள்: “நீ செருப்பைக் கழற்றும் சத்தத்தில் என் வீடு எழுந்து நிற்கிறது.”

இதை எழுதும்போதும் அந்த நிமிஷத்தை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. மோதிரத்தை மாற்றியவள் நான். அந்தப் பெயர் அங்கே எப்படி வந்தது என்று அந்தக் கூடத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். இருந்தும், என் கணவரின் பெயருக்குக் கீழே அந்த வரியைக் கேட்டதும், என் வீட்டு மனுஷன் எனக்குச் சொல்லாததை அவளுக்குச் சொல்லியிருக்கிறார் என்று என் வயிறு நம்பியது. அவ்வளவு அழகான வரியை அவள் விரலில் வைத்துக்கொண்டு, திருதிருவென்று விழித்தபடி உட்கார்ந்திருக்கிறாளே என்று இருந்தது.

யாரும் ஆமென் சொல்லவில்லை. கனகமணிதான் முதலில் தெளிந்து, கழுவும்போது மாறியிருக்கும், இதுக்கு என்ன, டீச்சர் மோதிரத்தைப் பாருங்கள் என்றாள். எல்லாத் தலைகளும் வாசல் பக்கம் திரும்பின. ரஞ்சிதமும் என்னைப் பார்த்தாள், உயிர் வந்தது போல.

நான் என் கையைப் பார்த்தேன். “மாறல,” என்றேன். “என்னுது என்கிட்டதான் இருக்கு.”

என் கையை யாரும் கேட்கவில்லை. பதனமான கை.

அன்று சாயங்காலமே அது தெரு முழுக்க நடந்தது. வாக்குத்தத்தம் பொய் சொல்லாது, சொல்லவும் தேவையில்லை, ஒரே வளவு, எதிரெதிர் வீடு என்றார்கள். வாத்தியார் அவளுக்கு இன்னொரு மோதிரம் எப்போது செய்து கொடுத்தார், ஆசீர் போட்டது எங்கே போயிற்று என்று கேட்டார்கள். ரஞ்சிதம் வீடு முழுக்கப் பாயை உதறி, அரிசிப் பானையைக் கவிழ்த்து, சாக்கடைத் தண்ணீரைக் கையால் துழாவி ஆசீர் பெயர் வெட்டிய மோதிரத்தைத் தேடினாள். ஐயரம்மா அந்த மோதிரத்தைச் சங்கத்தின் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள், கமிட்டி கூடி விசாரிக்கும் வரை. ஆசீர் சத்தம் போடவில்லை, அடிக்கவில்லை. மறுநாள் தன் பஸ்ஸிலேயே அவளையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் ஏற்றி, அவள் அம்மா வீட்டு ஊர் விலக்கில் இறக்கிவிட்டு, யாரோ ஒரு பயணியை இறக்கிவிட்டது போலத் தன்னை விசில் அடிக்கச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிட்டான் என்று கண்டக்டர் வந்து சொன்னான்.

என் கணவரை ஐயர் கூப்பிட்டு விசாரித்தார். அவர் திரும்பி வந்தபோது நான் அடுப்படியில் இருந்தேன். செருப்பைக் கழற்றினார். என் மேல் முள்ளாக அந்தச் சத்தம் விழுந்தது. உள்ளே வந்து, ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வெகு நேரம் என் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா செஞ்சது ரெண்டு மோதிரம்,” என்றார். “ரெண்டும் எங்க இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு, ஹெப்சி.”

நான் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தேன்.

“ஐயர்கிட்ட சொல்லல. நான் சொன்னா, புருஷன்காரன் தன்னைத் தப்புவிக்கச் சொல்லுதான்னு போகும். அந்தப் பிள்ளை பேரு கூட்டத்துல வச்சுப் போச்சு. கூட்டத்துல வச்சுத்தான் திரும்பி வரணும்.” எழுந்தார். “விடை எனக்குத் தெரியும். ஆனா ஒனக்காக நான் எழுத மாட்டேன்.”

அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. தம்பியிடம் போய் ஏதோ சொல்லியிருக்கிறார், அவன் முகம் கொடுக்கவில்லை. அந்த வாரம் அவர் கிணற்றடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார், தொட்டியை மட்டும் வழக்கம் போல நிரப்பி வைத்தார். எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. கொடியில் காக்கிச் சட்டை துவைக்காமல் தொங்கியது. அவள் போய்விட்டாள், இனி என் காதில் அவள் வரி விழாது, நான் நினைத்தது நடந்துவிட்டது என்று ஒரு நாள் மத்தியானம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சந்தோஷம் வருகிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தும் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு எல்லோரும் வந்திருந்தார்கள், பிரசவமான பத்தாம் நாள் பெண்கூட. முதல் பாட்டு முடிந்ததும் எழுந்தேன். முறைப்படி இடப்பக்கம் கொடுக்காமல், நடந்து போய், என் மோதிரத்தைக் கழற்றி ஐயரம்மா கையில் வைத்து, வாசிக்கச் சொன்னேன். உங்களுக்குத்தான் வராதே டீச்சர் என்று சொல்லிக்கொண்டே அவள் லென்ஸை மாட்டினாள்.

“ஆசீர்,” என்று வாசித்தாள். “உப்பு போதும் என்று நீ சொன்னால் கடல் ஓர் அடி பின்வாங்குகிறது.”

பழக்கதோஷத்தில் எல்லோரும் ஆமென் சொல்லிவிட்டார்கள். சொன்ன பிறகுதான் அது எந்த வரி, யாருடைய பெயர் என்று ஒவ்வொருவராக உறைத்தது. கூடத்தில் விசிறிகள் நின்றன.

“நான்தான் மாத்துனேன்,” என்றேன். “தவறி இல்ல. தெரிஞ்சேதான் மாத்துனேன். அவ மேல ஒரு குத்தமும் கெடையாது, எங்க வீட்டுக்காரவுக மேலயும் கெடையாது. போன வாரம் கேட்டப்ப பொய் சொன்னேன்.”

ஐயரம்மா மோதிரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “எதுக்கும்மா?”

“எனக்கு ஒண்ணுமே வரல.”

கனகமணிதான், எப்போதும் சிரிக்க வைக்கிறவள், சிரிக்காமல், தன் இடத்தில் உட்கார்ந்தபடியே சொன்னாள்: “எனக்குப் பிள்ளையே வரல டீச்சர். நான் யாரு வீட்டுத் தொட்டில்லயும் கை வைக்கலையே.”

அதைவிடப் பெரிய தண்டனையைக் கமிட்டியால் யோசிக்க முடியவில்லை. மூன்று மாதம் கோயிலில் அப்பமும் ரசமும் கொடுக்கும் இராப்போஜனத்தை எடுக்கக் கூடாது என்று ஐயர் சொன்னார், அது நியாயம்தான். ஆசீர் மறுநாள் டியூட்டிக்குப் போகாமல் லீவு சொல்லிவிட்டு, வேறொருவன் ஓட்டிய பஸ்ஸில் பயணியாக ஏறிப் போய் ரஞ்சிதத்தைக் கூட்டி வந்தான். வழியெல்லாம் அவள் அவனோடு பேசவில்லையாம். வளவுக்குள் வந்ததும் பெட்டியை முருங்கை மூட்டில் வைத்துவிட்டு, நேரே என் வாசலுக்கு வந்து நின்றாள். ஐயரம்மா தகரப் பெட்டியைத் திறந்து ஆசீரிடம் கொடுத்தனுப்பியிருந்த மோதிரம் அவள் உள்ளங்கையில் இருந்தது. இளைத்திருந்தாள். அழுகையோ கோபமோ முகத்தில் இல்லை, பஸ் தூசி மட்டும் இருந்தது.

ஐயரம்மா என் கையிலேயே திருப்பித் தந்திருந்ததை நான் கொடுத்தேன், அவளிடமிருந்ததை அவள் கொடுத்தாள். மன்னித்துக்கொள் என்றேன். அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை.

“அக்கா, நீங்க படிச்சவுக,” என்றாள். “அதெல்லாம் அவுக சொல்லுததுன்னா நெனச்சீங்க?”

“எல்லாரும் அப்படித்தான...”

“நீங்க சொல்லித்தான் எல்லாரும் சொன்னாவ. அவுக வாயில சோறு, தண்ணி, போயிட்டு வாரேன், இந்த மூணுதான் வரும். இது நான் சொல்லுதது. பாத்திரம் வெளக்கையில, துணி அலசையில, மனசுக்குள்ள போட்டு உருட்டிக்கிட்டே இருப்பேன். வாய்க்கு எடுப்பா வாற வரைக்கும் விட மாட்டேன். அது அங்கன போயி உக்காந்துக்கிடுது.”

“நீ ஏன் சொல்லல?”

“ஒருத்தரும் கேக்கல. அவுக பேருக்குக் கீழ இருந்தா அவுகளுக்கு நல்லதுதானன்னு விட்டுட்டேன்.”

நின்ற இடத்தில் அந்தச் சொல்லின் முதல் வயது எனக்கு ஞாபகம் வந்தது. ஆங்கிலேயன் அதை மோதிரத்துக்குள் வெட்டுவதற்கு முன்னால், பிரெஞ்சுக்காரன் வாயிலும் லத்தீனிலும் அது நடந்து வருவதற்கு முன்னால், கிரேக்கத்தில் அதற்கு ஒரே ஒரு பொருள்: செய்வது. ஒருவர் கொடுத்து ஒருவர் வாங்குவது அல்ல. பானை செய்வது போல, கூரை போடுவது போல, கையால் செய்வது. இருபது வருஷம் கரும்பலகையில் அதை எழுதிப் போட்டிருக்கிறேன். செருப்பின் சத்தத்தை வீட்டுக்குள் இருந்து கேட்பது பெண்ணா, கழற்றுகிற ஆணா என்று ஒரு முதலாண்டு மாணவி கேட்டிருப்பாள். உப்பு போதும் என்று சொல்வது யார், உப்புப் போடுவது யார் என்று கேட்டிருப்பாள். நான் கேட்கவில்லை. இவ்வளவு நாளும் ஒன்றும் வராத விரலை நீட்டிக்கொண்டு, யாரோ வந்து எழுதுவார்கள் என்று உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

என் மோதிரத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஞானாபரணம் என்ற பெயருக்குக் கீழே அவள் வரி அப்படியே இருந்தது. அடுத்தது வந்தால்தான் அது போகும், என் விரலில் அடுத்தது வராது. ஆசாரியிடம் கொடுத்து உரசி எடுத்துவிடட்டுமா என்று அவளிடம் கேட்டேன்.

“எதுக்கு? தங்கம் தேயும்,” என்றாள். பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “இருந்துட்டுப் போட்டும். எனக்கு வேற வரும்.”

வரிகள் யாருடையவை என்று ரஞ்சிதம் எனக்குச் சொன்னதைக் கனகமணி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறாள்; ஞாயிற்றுக்கிழமைக்குள் சபைக்கே தெரிந்துபோயிற்று. பாக்கியநாதன் ஒரு வாரம் தபால் ஆபீஸில் யாரோடும் பேசவில்லை. சைக்கிளோடு கூடத்து வாசலில் நின்றவர்கள் நிற்பதை நிறுத்தினார்கள், பிறகு மனைவிமார் என்ன எழுதிவிடுவார்களோ என்று பயந்து, திரும்ப வந்து நின்றார்கள். தரகர்கள் மோதிரம் கேட்பதை விட்டார்கள். புருஷன் பெயரை முதலில் வாசிக்கும் முறை அப்படியே இருந்தது, அது பழகிவிட்டது. மோதிரம் கழுவும் வேலையை என்னிடமிருந்து எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. இனிமேல் எப்படியும் பார்த்துத்தானே கொடுப்பாள் என்று ஐயரம்மா சொன்னாளாம்.

என் கணவர் அதன் பிறகு இருபத்தாறு வருஷம் இருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்து அவர் செருப்பைக் கழற்றும் ஒவ்வொரு சாயங்காலமும் நான் எழுந்து நின்றேன், எனக்கே தெரியாமல், அந்த வரி சொன்னதைப் போல. ஒரு தடவை அவர், என்ன, ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். எனக்கும் அவருக்கும் நடுவே இருந்த நல்ல வார்த்தை அது ஒன்றுதான், அதைச் செய்தவள் எதிர்வீட்டில் குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஊரிலிருந்து வந்த பிறகு, அடுத்த வெள்ளியே கூட்டத்துக்கு வந்தாள், எனக்கு நாலு இடம் தள்ளி உட்கார்ந்தாள். அவளுடையதை வாசிக்கும்போது நான் கோப்பைக்குத் தண்ணீர் எடுக்க என்று வெளியே போய்விட்டேன். திரும்பி வந்து அவள் மோதிரத்தைத் துலக்கும்போது, நுரைக்கு அடியில், என் கட்டைவிரல் நுனியில் எழுத்துகள் தட்டுப்பட்டன. பார்க்காமலே நிதானமாகத் தடவினேன், ஒவ்வொன்றாக, கடைசி எழுத்துவரை. அவளுக்கு வேறு வந்திருந்தது. முந்தினதைவிட நன்றாக இருந்தது.